நம்பர் எல்லாம் சரியா இருந்தும் மேனேஜர் மூணு தடவையும் "பாக்கலாம்"னு அனுப்பிட்டாரு, நான் எங்க கோட்ட விடறேன்?

ஸ்டோர்ஸ்_ஆளு:

வணக்கம் மக்களே, ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் மொத தடவ போஸ்ட் போடறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் ஒரு கம்பெனில ஸ்டோர்ஸ் பாத்துக்கறேன். ஸ்பேர் பார்ட்ஸ் உள்ள வர்றது வெளிய போறது எல்லாமே இன்னும் ரெஜிஸ்டர்ல கையாலதான் எழுதறோம், சாயங்காலம் ஒருத்தர் உக்காந்து அத எக்செல்ல ஏத்துவாரு. நடுவுல எங்கயாவது ஒரு நம்பர் மாறிடும். கணக்குல பொருள் இருக்கும், ரேக்ல போய் பாத்தா இருக்காது, ஆர்டர் நிக்கும், திட்டு எனக்கு விழும். இதுக்கு பார்கோடு ஸ்கேனர் போடலாம்னு ஒரு வருஷமா சொல்லிட்டு இருக்கேன். மூணு தடவ மேனேஜர்ட்ட பிரசன்டேஷன் குடுத்தாச்சு, கடைசியா குடுத்தது 22 ஸ்லைடு, ராத்திரி முழிச்சு பண்ணது, கிராஃப் எல்லாம் கலர் கலரா இருக்கும். ஒம்போதாவது ஸ்லைடுல இருக்கும்போது அவரு "இதுக்கு எவ்ளோ நாள் ஆகும்"னு கேட்டாரு, நான் "சார் அது 17வது ஸ்லைடுல வருது"ன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல, ஃபோன எடுத்து பாக்க ஆரம்பிச்சிட்டாரு. கடைசில "நல்லா பண்ணிருக்க, பாக்கலாம்". அவ்ளோதான்.

இதுல எரிச்சல் என்னன்னா அதே வாரம் டிஸ்பேட்ச்ல இருக்கற ஒருத்தரு, என்ன விட ரெண்டு வருஷம் ஜூனியர், காரிடர்ல நின்னுட்டே ரெண்டு நிமிஷம் பேசி பேக்கிங் மெஷினுக்கு ஓகே வாங்கிட்டாரு. ஸ்லைடு கிடையாது ஒண்ணும் கிடையாது. எனக்கு பேச்சுத் திறமை இல்லன்னு விட்டுடணுமா, இல்ல ஏதாவது கோர்ஸ் போகணுமா? இங்கிலீஷ் கொஞ்சம் தடுமாறும், அதுதான் காரணமோன்னும் ஒரு டவுட். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


ஓகே_போடற_கை:

நான் அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவன் ப்ரோ. ஃபைனான்ஸ், செலவு அப்ரூவல் என் டேபிள் தாண்டித்தான் போகும். அதனால கொஞ்சம் கசப்பா சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க.

"17வது ஸ்லைடுல வருது"ன்னு சொன்னீங்க பாருங்க, அந்த இடத்துலயே மீட்டிங் முடிஞ்சிருச்சு. அவரு கேட்டது ஒரு கேள்வி இல்ல, உங்களுக்கு கதவு திறந்து விட்டாரு. எவ்ளோ நாள் ஆகும்னு ஒருத்தர் கேக்கறாருன்னா அவரு மனசுக்குள்ள ஏற்கனவே பாதி வாங்கிட்டாருன்னு அர்த்தம், நீங்க வரிசை மாறக் கூடாதுன்னு கதவ சாத்திட்டீங்க. எத்தனாவது ஸ்லைடா இருந்தா என்ன, "ஆறு வாரம் சார்"னு சொல்லிட்டு அதப் பத்தியே மேல பேசிருக்கணும்.

அப்புறம் இந்த "பாக்கலாம்". அது "வேண்டாம்" இல்ல. நான் வருஷத்துக்கு எத்தன தடவ அத சொல்றேன்னு எனக்கே தெரியாது. நான் "பாக்கலாம்"னு சொல்றப்ப என் மண்டைக்குள்ள ஓடறது இதுதான்: இவன் சொல்றது சரியாத்தான் இருக்கு, ஆனா இத நான் மேல கொண்டு போனா என் மேலதிகாரி ரெண்டு கேள்வி கேப்பாரு, அதுக்கு எனக்கு பதில் தெரியாது, நான் ஏன் வாங்கிக் கட்டிக்கணும். உங்க மேனேஜர் உங்க பேப்பர தூக்கிட்டு இன்னொரு ரூமுக்குள்ள போகணும், அந்த ரூம்ல நீங்க இருக்க மாட்டீங்க. அங்க உங்க விஷயத்த அவரு ஒரு நிமிஷத்துல சொல்ல முடியுமா? 22 ஸ்லைட வச்சுகிட்டு முடியாது. நீங்க அவர ஒத்துக்க வைக்கறதுக்கு ரெடி பண்ணீங்க, அவரு இன்னொருத்தர ஒத்துக்க வைக்கறதுக்கு ஒண்ணுமே குடுக்கல.

ஸ்லைடு பத்தி ஒண்ணு. அமேசான்ல 2004லயே ஜெஃப் பெசோஸ் மேல்மட்ட மீட்டிங்ல பவர்பாயின்ட் வேண்டாம்னு நிறுத்திட்டாரு, அதுக்கு பதிலா ஆறு பக்கம் வரைக்கும் முழு வாக்கியமா எழுதிட்டு வரணும், எல்லாரும் மீட்டிங் ஆரம்பத்துல சத்தமில்லாம உக்காந்து படிப்பாங்க. காரணம் சிம்பிள், புள்ளி வச்சு புள்ளி வச்சு எழுதறப்ப ரெண்டு விஷயத்துக்கு நடுவுல என்ன சம்பந்தம்னு யோசிக்காமலே தப்பிச்சிடலாம், வாக்கியமா எழுதினா அந்த "அதனால", "ஆனாலும்" எல்லாம் போட்டே ஆகணும். உங்க ஆஃபீஸ்ல அத செய்யுங்கன்னு சொல்ல வரல. நீங்க மொதல்ல ஒரு பக்கம் எழுதிப் பாருங்கன்னு சொல்றேன்.

ஒரு கேள்வி, மறைக்காம சொல்லுங்க. இதுக்கு முன்னாடி நீங்க கேட்டு வாங்கின ஏதாவது ஒண்ணு பாதியில நின்னு போயிருக்கா?


ஜன்னல்_சீட்:

ஃபாலோயிங். எனக்கும் இதே கதைதான், எங்க ஆளு "நோட் பண்ணிக்கறேன்"னு சொல்லுவாரு, நோட்டே இருக்காது கையில 😅


பாதி_லைஃப்_சேல்ஸ்ல:

தம்பி, ஃபைனான்ஸ் சார் சொன்னது சரி, நான் வேற பக்கத்துலேந்து வர்றேன்.

அந்த டிஸ்பேட்ச் பையன் ரெண்டு நிமிஷத்துல வாங்கினான்னு சொல்றீங்க. நான் பந்தயம் கட்றேன், அவன் ரெண்டு நிமிஷத்துல வாங்கல. நீங்க பாத்தது கடைசி ரெண்டு நிமிஷம். அதுக்கு முன்னாடி யார் யார்கிட்ட பேசினான்னு போய் கேளுங்க, ஈகோ பாக்காம கேளுங்க. சேல்ஸ்ல நாங்க கத்துகிட்டது ஒண்ணுதான், கையெழுத்து விழற ரூமுக்குள்ள போயி வாதாடக் கூடாது, அங்க போறதுக்கு முன்னாடியே எல்லாம் பேசி முடிஞ்சிருக்கணும்.

அடுத்தது, பேசறதுக்கு பதிலா காட்ட முடியுமான்னு பாருங்க. லிஃப்ட் கதை தெரியுமா? எலிஷா ஓட்டிஸ்னு ஒருத்தரு, கயிறு அறுந்தாலும் மேடை விழாம பிடிச்சுக்கற ஒரு பிரேக் கண்டுபிடிச்சாரு. அந்தக் காலத்துல சாமான் தூக்கற மேடைன்னாலே ஜனங்களுக்கு பயம், கயிறு அறுந்தா ஆளு காலி. இவரு பேசிப் பாத்தாரு, விற்பனை பெருசா ஓடல. 1854ல நியூயார்க்ல ஒரு பெரிய கண்காட்சி, அதுல மேடை மேல தானே ஏறி நின்னுகிட்டாரு, கூட்டத்துக்கு மேல உயரத்துக்கு தூக்கச் சொல்லிட்டு, கயித்த வெட்டுன்னாரு. வெட்டினாங்க. மேடை கொஞ்சூண்டு இறங்கி அப்படியே நின்னுச்சு. மூணு வருஷம் கழிச்சு 1857ல அதே ஊர்ல ஒரு கட்டிடத்துல மனுஷங்க ஏறிப் போற லிஃப்ட் மாட்டினாங்க. ஸ்பிரிங் எப்படி வேலை செய்யுது, பல்லு எப்படி கவ்வுதுன்னு 22 ஸ்லைடு போட்டிருந்தா யாரும் ஏறியிருக்க மாட்டாங்க. அந்த மேடையில அவரே நின்னாரு பாருங்க, அதுதான் விஷயம். வேற யாரையாவது நிக்க வச்சிருந்தா இந்தக் கதைய நாம பேசிட்டு இருக்க மாட்டோம்.

உங்க ஸ்டோர்ஸ்ல நீங்க வெட்டிக் காட்டற கயிறு எது? அத யோசிங்க.


ஸ்டோர்ஸ்_ஆளு:

@ஓகே_போடற_கை சார் கரெக்டா பிடிச்சிட்டீங்க, எப்படி தெரிஞ்சுது. ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டாக்குக்கு ஒரு மொபைல் ஆப் நான்தான் சொல்லி வாங்க வச்சேன், ரெண்டு மாசம் ஓடுச்சு, ரேக் பக்கம் சிக்னல் வராது, பசங்க விட்டுட்டாங்க. அத இப்ப யாரும் பேசறதில்ல, நானும் பேசறதில்ல.


ஓகே_போடற_கை:

யாரும் பேசறதில்லன்னா எல்லாரும் நெனச்சிட்டு இருக்காங்கன்னு அர்த்தம் ப்ரோ. உங்க கிராஃப் ஓடறப்ப எல்லாம் அவரு கண்ணு முன்னாடி அந்த ஆப்தான் ஓடிருக்கும். அரிஸ்டாட்டில் 2300 வருஷத்துக்கு முன்னாடியே பிரிச்சு வச்சிட்டாரு, கேக்கறவன் மனசு மாறறதுக்கு மூணு வழி, வாதம், கேக்கறவனோட உணர்ச்சி, பேசறவன் மேல இருக்கற நம்பிக்கை. இந்த மூணாவதுதான் கிட்டத்தட்ட எல்லாத்தையும் விட பலமானதுன்னு அவரே சொல்றாரு. நீங்க மொத ஒண்ண மட்டும் மூணு தடவ மெருகு ஏத்திருக்கீங்க, ஓட்டை மூணாவதுல.

அடுத்த தடவ அந்த ஆப்ப நீங்களே இழுங்க. "அது ஏன் நின்னுச்சு, இதுல அது ஏன் நடக்காது"ன்னு ரெண்டு வரி. அவரு கேட்டு நீங்க சொன்னா அது சால்ஜாப்பு. அவரு கேக்கறதுக்கு முன்னாடி சொன்னா வேற.


கட்_த_கலர்:

எல்லாரும் மன்னிக்கணும், எனக்கு இந்த மாதிரி த்ரெட் படிச்சா கோவம் வருது. டேட்டா சரியா இருந்தா ஓகே பண்ணனும், அவ்ளோதானே? அதுக்கு மேல "எப்படி சொல்றது", "யார்கிட்ட முன்னாடியே பேசறது"ங்கறதெல்லாம் நாகரீகமா சொன்ன ஜால்ரா. வேலை தெரிஞ்சவன் பேசக் கத்துக்கணும், பேசத் தெரிஞ்சவன் வேலை கத்துக்கவே வேண்டாம், இதுதானே நடக்குது எல்லா இடத்துலயும். இஞ்சினியரா 11 வருஷமா பாத்துட்டு இருக்கேன்.


நட்டு_போல்ட்டு:

@கட்_த_கலர் நானும் இஞ்சினியர்தான், உங்க கோவம் புரியுது, ஆனா "டேட்டா இருந்தா போதும்"ங்கறதுக்கு நம்ம தொழில்லயே ரொம்ப வலிக்கற உதாரணம் ஒண்ணு இருக்கு.

சேலஞ்சர் விண்வெளி ஓடம். 1986 ஜனவரி 27 ராத்திரி. பூஸ்டர் ராக்கெட் பண்ண மார்ட்டன் தியோக்கால் கம்பெனி இஞ்சினியருங்க, அதுல ரோஜர் பாய்ஸ்ஜோலி ஒருத்தரு, நாசாகிட்ட ஃபோன் மீட்டிங்ல கெஞ்சினாங்க, குளிர்ல ஓ ரிங்ங்கற ரப்பர் வளையம் விறைச்சுக்கும், சீல் பிடிக்காது, 12 டிகிரி செல்சியஸுக்கு கீழ ஏவாதீங்கன்னு. 13 சார்ட் ஃபேக்ஸ்ல அனுப்பினாங்க. நாசா பக்கம் ஒத்துக்கல, தியோக்காலோட சொந்த மேனேஜருங்களே தனியா பேசிட்டு வந்து முடிவ மாத்திட்டாங்க. மறுநாள் காலைல சுமார் 2 டிகிரி. கிளம்பின 73வது செகண்ட்ல சிதறிருச்சு. உள்ள இருந்த 7 பேரும் போயிட்டாங்க.

எட்வர்ட் டஃப்டின்னு தகவல் வரைபடத்துக்கு பேர் போன பேராசிரியர் ஒருத்தரு, அந்த சார்ட்டுங்கள்ல வெப்பநிலையும் சேதமும் ஒரே படத்துல பக்கத்துல பக்கத்துல இல்ல, அப்படி வரைஞ்சிருந்தா யாருக்கும் புரிஞ்சிருக்கும்னு எழுதினாரு. பாய்ஸ்ஜோலி தரப்பு அத ஒத்துக்கல, எங்ககிட்ட இருந்த நேரத்துல இருந்த டேட்டாவுக்கு அப்படி வரையவே முடியாதுன்னாங்க. எனக்கு ரெண்டாவது கட்சி மேலதான் அனுதாபம் ஜாஸ்தி. ஆனா அந்த ராத்திரில எனக்கு முக்கியமா படறது வேற. வழக்கமா "ஏவறதுக்கு பாதுகாப்பா இருக்கு"ன்னு நிரூபிக்கணும். அன்னிக்கு அது தலைகீழா மாறி, "பாதுகாப்பா இல்லன்னு நீ நிரூபி"ன்னு ஆயிருச்சு. யார் நிரூபிக்கணும்ங்கற இடத்துலயே பாதி முடிவு ஆயிருது.

இத ஸ்டோர்ஸ் நண்பர் கவனிக்கணும். உங்க ஸ்கேனர்தான் எல்லாத்தையும் நிரூபிக்கணும், அந்த ரெஜிஸ்டர் எதையுமே நிரூபிக்க வேண்டியதில்ல, அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு. பழைய முறைக்கும் ஒரு செலவு இருக்குன்னு யாராவது எழுதி வச்சாதான் அது கண்ணுல படும். ஸ்கேனர் வந்தா இவ்ளோ மிச்சம்னு எழுதாதீங்க, ரெஜிஸ்டர்னால மாசம் இவ்ளோ போயிட்டு இருக்குன்னு எழுதுங்க. கானிமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல்காரங்க 1979லயே காட்டின விஷயம்தான் இது, மனுஷனுக்கு வர்றத விட போறது கனமா தெரியும், அவங்களே 1992ல போட்ட கணக்குல சுமார் ரெண்டே கால் மடங்கு.


கட்_த_கலர்:

நம்பர் ரெண்டும் ஒண்ணுதானே, அத மிச்சம்னு சொன்னா என்ன நஷ்டம்னு சொன்னா என்ன, இது ஏமாத்து இல்லையா?


நட்டு_போல்ட்டு:

நஷ்டம் நிஜமா நடக்குதுன்னா ஏமாத்து இல்ல. நடக்காதத நடக்குதுன்னா ஏமாத்து. என் கோடு அங்கதான். மேனேஜருக்கு நாளைக்கு முழு விவரமும் தெரிஞ்சாலும் "ஆமா நீ சொன்னது சரிதான்"னு சொல்வாருன்னா அது நேர்மையான பேச்சு, "என்ன மாட்டி விட்டுட்டியே"ன்னு சொல்வாருன்னா இல்ல.


குட்டி_டிப்ஸ்:

நான் ஒரு வீடியோல பாத்தேன், "ஏன்னா"ங்கற ஒரு வார்த்தைய சேத்தாலே போதுமாம், காரணம் என்னவா இருந்தாலும் 93 சதவீதம் பேர் ஓகே சொல்லிடுவாங்களாம்! ஜெராக்ஸ் மெஷின் ஆராய்ச்சி. ட்ரை பண்ணி பாருங்க ப்ரோ.


வரைவு_அக்கா:

@குட்டி_டிப்ஸ் தம்பி அந்த வீடியோக்காரங்க எப்பவும் பாதியத்தான் சொல்லுவாங்க. எல்லன் லாங்கர்ங்கற உளவியல்காரங்களோட குழு 1978ல போட்ட ஆராய்ச்சி அது. ஜெராக்ஸ் மெஷின்ல காப்பி எடுக்கப் போறவங்க கிட்ட போயி "5 பக்கம் இருக்கு, நான் எடுத்துக்கட்டுமா"ன்னு சும்மா கேட்டப்ப 60 சதவீதம் விட்டாங்க, நிஜ காரணம் சொன்னப்ப 94, "ஏன்னா நான் காப்பி எடுக்கணும்"னு ஒண்ணுத்துக்கும் உதவாத காரணம் சொன்னப்ப 93. இது வரைக்கும்தான் வீடியோல வரும். அதே ஆராய்ச்சில 20 பக்கம்னு கேட்டப்ப வெத்து காரணம் 24 சதவீதம், காரணமே சொல்லாதது 24 சதவீதம், ரெண்டும் ஒண்ணு. நிஜ காரணம் 42. அதாவது சின்ன உதவின்னா யோசிக்காம தலையாட்டுவாங்க, பெருசா கேட்டா முழிச்சுக்குவாங்க. ஸ்கேனர் கேக்கறது 20 பக்கம் கேக்கற ரகம், அங்க தந்திரம் ஓடாது.

@ஸ்டோர்ஸ்_ஆளு நான் பதினாறு வருஷமா அடுத்தவங்க மெயில திருத்தற வேலை பாக்கறவ. நீங்க அனுப்பின மெயில இங்க போடுங்க, கம்பெனி பேர் எல்லாம் எடுத்துட்டு. பொதுவா பேசிட்டே இருந்தா இந்த த்ரெட் பத்து பக்கம் போகும், உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.


ஸ்டோர்ஸ்_ஆளு:

அக்கா இங்கிலீஷ்ல இருந்தத தமிழ்ல போடறேன், சிரிக்காதீங்க:

"பொருள்: சரக்கு மேலாண்மையை மேம்படுத்துவது தொடர்பான ஒரு பரிந்துரை. மதிப்பிற்குரிய சார், நமது ஸ்டோர்ஸ் பிரிவில் கடந்த சில ஆண்டுகளாக பல்வேறு சவால்கள் இருந்து வருவது தாங்கள் அறிந்ததே. இன்றைய நவீன யுகத்தில் பார்கோடு தொழில்நுட்பம் உலகெங்கும் பயன்படுத்தப்படுகிறது. இதன் மூலம் துல்லியம், வேகம், வெளிப்படைத்தன்மை ஆகியவை அதிகரிக்கும். இணைப்பில் 22 ஸ்லைடுகள் உள்ளன. தங்கள் மேலான பரிசீலனைக்கு சமர்ப்பிக்கிறேன்."


வரைவு_அக்கா:

சிரிக்கல. பாதி மெயில் இப்படித்தான் வரும்.

இத நான் உங்க மேனேஜரா உக்காந்து படிக்கறேன். பொருள் வரில "பரிந்துரை"ன்னு இருக்கு, அதாவது இன்னிக்கே ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல, அப்புறம் படிச்சுக்கலாம். "பல்வேறு சவால்கள்" எனக்கு ஏற்கனவே தெரியும்னு நீங்களே சொல்றீங்க, அப்ப நான் ஏன் படிக்கணும். "நவீன யுகம்", யுகத்துல என்ன நடக்குதுன்னு வேண்டாம், என் ஸ்டோர்ஸ்ல என்ன நடக்குதுன்னு சொல்லுப்பா. துல்லியம் வேகம் வெளிப்படைத்தன்மை, இந்த மூணையும் எந்த மெஷின் விக்கறவனும் சொல்லுவான், இது உங்க வார்த்தையே இல்ல, பிரோஷர்லேந்து வந்தது. கடைசில "பரிசீலனை". பரிசீலனைக்கு அனுப்பினா பரிசீலனைதான் நடக்கும். அவரு பரிசீலிச்சாரு, "பாக்கலாம்"னாரு. நீங்க கேட்டத அவரு குடுத்துட்டாரு!

இந்த மெயில்ல எங்கயுமே "எனக்கு இது வேணும்"னு ஒரு வாக்கியம் இல்ல, பாத்தீங்களா? நம்ம ஆளுங்களுக்கு அது திமிரா தெரியும்னு பயம். கேக்காம சுத்தி சுத்தி வர்றதுதான் எதிர்ல இருக்கறவருக்கு சிரமம், அவரே கண்டுபிடிக்கணும் இவன் என்ன கேக்கறான்னு.

இப்ப எனக்கு வேண்டியது நிஜ விஷயம். போன மூணு மாசத்துல "கணக்குல இருக்கு ரேக்ல இல்ல"ன்னு எத்தன ஆர்டர் நின்னுச்சு? எந்த ரேக்ல ஜாஸ்தி? ஸ்கேனர ட்ரையலுக்கு தருவாங்களா, திருப்பி குடுக்கலாமா? ட்ரையல் நடக்கறப்ப ரெஜிஸ்டரும் ஓடுமா? மொத வாரம் எவ்ளோ இழுக்கும்? எந்த நாளுக்குள்ள பதில் வேணும், ஏன்?


ஸ்டோர்ஸ்_ஆளு:

ரெண்டு நாள் எடுத்துகிட்டேன் அக்கா, ரெஜிஸ்டர் எல்லாத்தையும் புரட்டிப் பாத்தேன், ஒரு வருஷமா பேசிட்டு இருக்கேனே, இத ஒரு தடவ கூட எண்ணிப் பாக்கலங்கறது இப்பதான் உறைக்குது. 41 ஆர்டர் நின்னுருக்கு. அதுல 26 ஏ ரேக் மட்டும். வெண்டர் ரெண்டு ஸ்கேனர் 30 நாளைக்கு தர்றேன்னு சொல்றாரு, திருப்பி குடுத்துடலாம், ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். ரெஜிஸ்டர் கூடவே ஓடும், அதனால மொத வாரம் ரெண்டு பேருக்கு தினம் அரை மணி நேரம் எக்ஸ்ட்ரா வேலை.


வரைவு_அக்கா:

அப்ப இப்படி எழுதுங்க. உங்க நடைக்கு மாத்திக்கோங்க, என் நடையில போனா "யார் எழுதிக் குடுத்தா"ன்னு கேப்பாரு.

"பொருள்: ஏ ரேக்ல மட்டும் 30 நாள் ஸ்கேனர் ட்ரையல், 28ம் தேதிக்குள்ள உங்க ஓகே வேணும்.

சார், ஏ ரேக்ல மட்டும் ரெண்டு பார்கோடு ஸ்கேனர் வச்சு 30 நாள் ஓட்டிப் பாக்க அனுமதி கேக்கறேன். போன மூணு மாசத்துல கணக்குல இருந்தும் ரேக்ல பொருள் இல்லாம 41 ஆர்டர் நின்னுருக்கு, அதுல 26 இந்த ஒரு ரேக்தான், லிஸ்ட் கீழ இருக்கு. ஸ்கேனர் ட்ரையலுக்கு வருது, திருப்பி குடுத்துடலாம், இந்த மாசக் கடைசிக்கு அப்புறம் அந்த வாய்ப்பு இல்லன்னு வெண்டர் சொல்றாரு. ரெண்டு வருஷம் முன்னாடி நான் கேட்ட ஆப் ரேக் பக்கம் சிக்னல் இல்லாததால நின்னுச்சு, அத நான் முன்னாடியே பாத்திருக்கணும். இந்த ஸ்கேனர் சிக்னல் இல்லாமலே 5 நாள் டேட்டாவ வச்சுக்கும், நானே ஏ ரேக்ல நின்னு பாத்துட்டேன். மொத வாரம் ரெண்டு பேருக்கு தினம் அரை மணி நேரம் கூடுதல் வேலை இருக்கும். ரெஜிஸ்டர் கூடவே ஓடும், ட்ரையல் சரி வரலைன்னாலும் வேலை நிக்காது. 30 நாள்ல ஏ ரேக்ல நிக்கற ஆர்டர் பாதியா குறையலைன்னா நானே எடுத்துடறேன்."

ரெண்டு விஷயம் சொல்லிடறேன். அந்த "நானே நின்னு பாத்துட்டேன்" வரிய, நிஜமா போய் நின்னு பாத்துட்டு அப்புறம் போடுங்க, சும்மா போடாதீங்க, அந்த 5 நாள்ங்கறதும் நான் சும்மா எழுதினது, நீங்க சோதிச்சு நிஜ நம்பர போடுங்க. அப்புறம் அரை மணி நேர கூடுதல் வேலைய எடுத்துடலாமான்னு கை துறுதுறுன்னு வரும், எடுக்காதீங்க. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஹாவ்லாண்ட்னு ஒரு உளவியல்காரரோட குழு அமெரிக்க சிப்பாய்ங்க கிட்ட சோதிச்சு 1949ல வெளியிட்டாங்க, நம்ம கருத்துக்கு ஏற்கனவே எதிரா இருக்கறவங்க கிட்டயும் நிறைய படிச்சவங்க கிட்டயும் ஒரு பக்கம் மட்டும் சொல்றத விட ரெண்டு பக்கமும் சொன்னாதான் நல்லா எடுபட்டுச்சு. உங்க மேனேஜர் ரெண்டுலயும் வர்றாரு.


பாதி_லைஃப்_சேல்ஸ்ல:

அக்கா எழுதினது சூப்பர். ஒண்ணே ஒண்ணு சேத்துக்கோ தம்பி, இந்த மெயில அனுப்பறதுக்கு முன்னாடி ஐடி ஆளுகிட்டயும் ஃபைனான்ஸ் ஆளுகிட்டயும் ஒரு தடவ காட்டிடு. ஓகே கேக்காத, "இதுல எங்க இடிக்கும்"னு கேளு. அவங்க சொல்றத மெயில்ல சேத்தா அப்புறம் அவங்க எதிர்க்க மாட்டாங்க, அவங்க வார்த்தையும் உள்ள இருக்குல்ல. அனுப்பிட்டு அவரு ரூமுக்கு போனேன்னா கேட்டுட்டு வாய மூடிக்கோ. பதில் வர்ற வரைக்கும் அந்த மௌனத்த தாங்கணும், பாதி பேரு அங்கதான் "இல்ல சார் அவசரம் இல்ல"ன்னு தானே கெடுத்துக்கறாங்க.

இங்கிலீஷ் பத்தி கேட்டிருந்த, யாரும் பதில் சொல்லல. உங்க மேனேஜருக்கு எந்த மொழில கோவம் வருமோ அந்த மொழில பேசு, அவ்ளோதான்.


ஸ்டோர்ஸ்_ஆளு:

அப்டேட். மூணு வாரம் ஆச்சு, மன்னிக்கணும்.

மொதல்ல டிஸ்பேட்ச் ஆளுகிட்ட போய் கேட்டேன். சேல்ஸ் அண்ணன் பந்தயத்துல ஜெயிச்சிட்டாரு. நாலு மாசமா மெயின்டனன்ஸ், ஃபைனான்ஸ், பேக்கிங் லைன்ல நிக்கறவங்க எல்லார்கிட்டயும் தனித்தனியா பேசிருக்காரு, மேனேஜர் ரெண்டு தடவ கேட்ட கேள்விக்கு எல்லாம் பதில் தேடி வச்சிருக்காரு, காரிடர்ல பேசினது "சார் நீங்க கேட்ட அந்த கடைசி கேள்விக்கும் பதில் கிடைச்சிருச்சு"ங்கற ஒரு வரிதானாம். நான் அத பேச்சுத் திறமைன்னு நெனச்சுட்டேன்.

ஐடி ஆளுகிட்ட காட்டினேன், "எங்க இடிக்கும்"னு கேட்டதுக்கு அஞ்சு விஷயம் சொன்னாரு, ரெண்டு எனக்கு தெரியவே தெரியாது. ஸ்கேனர ஏ ரேக்ல வச்சு சோதிச்சதுல 3 நாள் டேட்டாதான் தாங்குச்சு, அதையே போட்டேன். ஆப் பத்தின வரிய எழுதறப்ப கை நடுங்குச்சு. மேனேஜர் அத படிச்சிட்டு மொத தடவையா சிரிச்சாரு. "ஏன் ஏ ரேக்?"னு ஒரே ஒரு கேள்வி, பதில் என்கிட்ட இருந்துச்சு, சொல்லிட்டு வாய மூடிகிட்டேன், அந்த பத்து செகண்ட் பத்து வருஷம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் என் முன்னாடியே என் மெயில ஒரு எழுத்து மாத்தாம மேல ஃபார்வர்டு பண்ணிட்டாரு. 30 இல்ல, 15 நாள்தான் குடுத்திருக்காங்க, நைட் ஷிஃப்ட தொடக் கூடாதுன்னு கண்டிஷன். பரவால்ல.

இப்ப புது பிரச்சன. ரெஜிஸ்டர் எழுதற பெரியவர் ஒருத்தர் இருக்காரு, 24 வருஷமா அந்த வேலை. ஸ்கேனர கையால தொட மாட்டேங்கறாரு. "இது வந்தா நான் எதுக்கு"ன்னு கேட்டாரு, எனக்கு பதில் வரல.


ஓகே_போடற_கை:

வாழ்த்துக்கள் ப்ரோ. 15 நாள் வாங்கினதே பெருசு. "பாதியா குறையலைன்னா"ங்கற நம்பரையும் 15 நாளுக்கு ஏத்த மாதிரி இப்பவே மாத்தி எழுதி அவருக்கு அனுப்பிடுங்க, கடைசில வந்து பேசாதீங்க.

பெரியவர் விஷயத்துல எனக்கு அனுபவம் இல்ல, அக்கா சொல்லட்டும்.


வரைவு_அக்கா:

அவரு கேட்டது நியாயமான கேள்வி, அதுக்கு "உங்க வேலை போகாது"ன்னு நீங்க வாக்கு குடுக்காதீங்க, அது உங்க கையில இல்ல. மேனேஜர்கிட்ட கேட்டுட்டு வந்து அவரு சொன்னத அப்படியே சொல்லுங்க. அதுக்கு நடுவுல, ஸ்கேனர்ல அவர பழக்கறத விட்டுட்டு ரெஜிஸ்டர்ல அவர்கிட்ட நீங்க பழகுங்க. 41ல எது எது ஏன் நின்னுச்சுன்னு உங்களுக்கு லிஸ்ட்தான் தெரியும், அவருக்கு காரணம் தெரிஞ்சிருக்கும்.


ஸ்டோர்ஸ்_ஆளு:

இன்னிக்கு காலைல லிஸ்ட எடுத்துட்டு போய் அவரு பக்கத்துல உக்காந்தேன். 26ல 9 எழுத்துப் பிழையே இல்லையாம், ஏ ரேக் கீழ் தட்டுல எண்ணெய் பட்டு சீட்டு உரிஞ்சு விழுந்துடுமாம், நைட்ல எடுக்கறவங்க பக்கத்து பெட்டிலேந்து எடுத்துட்டு போயிடுவாங்களாம். அங்க பார்கோடு ஒட்டினாலும் இதேதான் நடக்கும். நான் பாட்டுக்கு எல்லா ஸ்டிக்கரையும் கீழ் தட்டு விளிம்புலதான் ஒட்ட பிளான் வச்சிருந்தேன்.

ஸ்கேனர இன்னும் தொடல அவரு. ஆனா சாக்பீஸ் எடுத்துட்டு வந்து ஒவ்வொரு தட்டுலயும் ஸ்டிக்கர் எங்க ஒட்டணும்னு அவரே கோடு போட்டுட்டு போனாரு.